கான்ட்ரிபியூட்டருக்குப் படம் கிடையாது: வேர்ட்பிரஸ் ரோல்களோடு சில வருடங்கள்

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் நடத்த உதவும் மென்பொருள். அதில் யார் என்னென்ன செய்யலாம் என்று பிரித்து வைத்திருப்பதுதான் ரோல். கான்ட்ரிபியூட்டர் ரோலில் இருப்பவர் கட்டுரை எழுதலாம், திருத்தலாம், ரிவ்யூவுக்கு அனுப்பலாம். ஒரு படம்கூட ஏற்ற முடியாது. நாங்கள் நடத்துவது பறவைகளைப் பற்றிய தளம். எனக்கு ஏன் எரிச்சல் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் விளக்கத்தான் போகிறேன், நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர்க் குளங்களைப் பற்றி நாலைந்து பேர் சேர்ந்து தளம் ஆரம்பிக்கிறார்களாம். யாருக்கு எந்த ரோல் கொடுப்பது, உங்கள் அனுபவம் எப்படி என்று கேட்டார்.

எல்லாம் செய்யக்கூடிய அட்மின், எல்லோர் கட்டுரையையும் திருத்தி வெளியிடும் எடிட்டர், தன் கட்டுரையைத் தானே வெளியிடும் ஆத்தர், மேலே சொன்ன கான்ட்ரிபியூட்டர், வெறும் வாசகரான சப்ஸ்கிரைபர் என்று மொத்தம் ஐந்து ரோல்கள். 2005 கடைசியில் 2.0 பதிப்போடு வந்தவை. அதற்கு முன்பு 0 முதல் 10 வரை எண் கொடுத்து ஆட்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஏழாம் எண்காரர் என்ன செய்யலாம், எட்டாம் எண்காரர் என்ன செய்யலாம் என்று யார் நினைவில் வைத்துக்கொள்வது? அந்த வகையில் இது எவ்வளவோ மேல்.

எங்கள் குழு திருநெல்வேலிப் பக்கம். கூந்தன்குளத்தையும் சுற்றியுள்ள குளங்களையும் சுற்றி வருகிறவர்கள்: கல்லூரிப் பிள்ளைகள், ஒரு வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். புதிதாக யார் வந்தாலும் கான்ட்ரிபியூட்டர்தான். காரணம் கௌரவம் பார்ப்பது இல்லை, கூடு. கொம்பன் ஆந்தை எந்தப் பாறையிடுக்கில் முட்டையிட்டிருக்கிறது என்று ஒரு வரி வெளியே போனால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கேமராக்கள் வரிசை கட்டி நிற்கும். தாய்ப்பறவை மிரண்டு எழுந்து போய்விட்டால் முட்டை வெயிலில் கிடக்கும். எனவே ஒருவர் படித்துப் பார்க்காமல் எதுவும் வெளியாகக்கூடாது. எழுதுகிறவரிடம் பப்ளிஷ் பொத்தான் இருக்கக்கூடாது. இந்த ஒரு வேலையைக் கான்ட்ரிபியூட்டர் ரோல் கச்சிதமாகச் செய்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது என்று எடிட்டருக்கு ஒரு மெயில்கூடத் தானாக அனுப்பாது என்பது வேறு விஷயம். அதற்கும் ஒரு பிளக்-இன், அதாவது கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள், போட்டுத் தொலைக்க வேண்டும்.)

படத்துக்கு வருவோம். மார்கழிக் குளிரில் விடியற்காலையில் போய் நின்று வரித்தலை வாத்துக் கூட்டத்தைப் படமெடுத்து வருகிறான் ஒரு பையன். ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறான். படத்துக்கான பிளாக்கை, அதாவது கட்டுரைக்குள் படம் வைக்கும் கட்டத்தை, சேர்க்கிறான். ஏற்றும் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், மீடியா ஏற்ற உங்களுக்கு அனுமதி வேண்டும் என்று ஒரு வரி. பக்கத்தில், இணையத்தில் ஏற்கனவே இருக்கும் படமென்றால் அதன் முகவரியைக் கொடுங்கள் என்று ஒரு வாய்ப்பு. அதாவது சொந்தப் படத்தைப் போடக்கூடாது, எவனோ ஒருவன் தளத்தில் இருக்கும் படத்தை இழுத்துக் காட்டலாம்! இதையும் சிலர் செய்தார்கள். அந்த மூலத் தளத்தில் படத்தை எடுத்துவிட்ட அன்று எங்கள் கட்டுரையில் வெறும் கட்டம் மிஞ்சியது.

"அண்ணே, படம் போடுற இடத்துல பெர்மிஷன் இல்லங்குது. வாட்ஸ்அப்ல அனுப்பவா?" எங்கள் குழுவில் மிக அதிகமாக உச்சரிக்கப்பட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். பெயரைப் பார்த்தால் வாட்ஸ்அப் இமேஜ் என்று தொடங்கித் தேதியும் நேரமும் இருக்கும். எது எந்தக் கட்டுரைக்கு, எது எந்தப் பறவை என்று எடிட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு, தலைப்பு மாற்றி, ஏற்ற வேண்டும். கட்டுரையைப் படிக்க ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் அதிகம்.

சரி, ஆத்தர் ஆக்கிவிடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். ஆத்தர் படம் ஏற்றலாம். கூடவே பப்ளிஷ் பொத்தானும் கைக்கு வந்துவிடும். வெளியான தன் கட்டுரையை யாருக்கும் தெரியாமல் மாற்றலாம், அழிக்கலாம். எங்களில் ஒருவர் ஏதோ மனத்தாங்கலில் ஒரே ராத்திரியில் தன் கட்டுரைகள் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனார். குப்பையில் போட்டது 30 நாள் வரை அப்படியே கிடக்கும் என்பதால் மறுநாள் மீட்டோம். குப்பையைக் காலி செய்யவும் அவருக்கு உரிமை இருந்தது, நல்லவேளை அவ்வளவு கோபம் இல்லை. படம் ஏற்றும் உரிமைக்கு இவ்வளவும் விலையா? நடுவில் ஒரு படி வைப்பதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நடுப்படியை நாமே செய்துகொள்ளலாம் என்பதுதான் வேர்ட்பிரஸ் ஆட்கள் சொல்லும் பதில். உண்மைதான். ரோல் என்பது பல சின்னச்சின்ன உரிமைகளின் கட்டு, அவ்வளவே. பிளக்-இன் ஒன்றைப் போட்டு, கான்ட்ரிபியூட்டர் வரிசையில் 'அப்லோட் ஃபைல்ஸ்' என்ற பெட்டியில் ஒரு டிக் வைத்தால் வேலை முடிந்தது. செய்தோம். பையன்கள் படம் போட்டார்கள், என் போன் அமைதியானது.

அதே பிளக்-இன்னில் தமிழாசிரியருக்காக 'மெய்ப்பு' என்று தனி ரோலே ஒன்று உருவாக்கினேன். அடுத்தவர் டிராஃப்டை, அதாவது இன்னும் வெளியாகாத கட்டுரையை, திருத்தலாம், வெளியிட முடியாது. இந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இந்த ரோல்தான், எதிர்பார்க்கவே இல்லை. சார் திருத்தியது எல்லாம், கட்டுரையின் முந்தைய வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் ரிவிஷன் பக்கத்தில் பழையது சிவப்பிலும் புதியது பச்சையிலுமாக அவர் பெயரோடு நிற்கும். பிள்ளைகள் அதைத் திறந்து, எங்கே ஒற்று விட்டோம், எங்கே வேண்டாத இடத்தில் ஒற்றுப் போட்டோம் என்று தாங்களே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு மாணவியின் அடுத்தடுத்த கட்டுரைகளில் அந்தச் சிவப்பு குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். இதற்காக நான் வேர்ட்பிரஸை எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்பேன்.

ஆனால் கட்டுரை வெளியான நிமிடமே கான்ட்ரிபியூட்டருக்குத் தன் கட்டுரையைத் திருத்தத் திறக்கும் உரிமை போய்விடும். அதோடு ரிவிஷனும் போச்சு. "பரீட்சைப் பேப்பரைத் திருத்திட்டுப் பிள்ளைகிட்டக் காட்டாம பீரோவுல பூட்டி வச்சா எப்படிப்பா?" என்று சார் கேட்டார். இப்போது திருத்தியதும் ஒரு நாள் டிராஃப்டாகவே விட்டு, பிள்ளைகள் பார்த்த பிறகுதான் வெளியிடுகிறோம். மென்பொருளுக்காக நாங்கள் வளைந்துகொண்டது இப்படி இன்னும் நிறைய.

போன மாதம் சர்வரில் ஏதோ கோளாறு. ஹோஸ்டிங்காரர்கள் சரிசெய்து, டேட்டாபேஸில் தளத்தின் அமைப்புகள் இருக்கும் பகுதியை மட்டும் பழைய பேக்கப் ஒன்றிலிருந்து மீட்டுக் கொடுத்தார்கள். கட்டுரைகளும் படங்களும் அப்படியே இருந்தன. எந்த ரோலுக்கு என்ன உரிமை என்பதும் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. பிளக்-இன்னை நிறுத்தினாலும் வைத்த டிக் அப்படியே இருக்கும், அது நல்லது. அந்தப் பகுதி பழையதாக வந்தால் பழைய டிக்குகளும் வந்துவிடும், அதுதான் வினை. எல்லோரும் சத்தமில்லாமல் முந்தைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். வேர்ட்பிரஸ் தானாக ஒன்றும் சொல்லாது. யார் எந்த ரோல் என்று யூசர் பட்டியலில் காட்டுமே தவிர, அந்த ரோலுக்குள் இப்போது என்னென்ன உரிமை இருக்கிறது என்று பார்க்க, பிளக்-இன் இல்லாமல் ஒரு பக்கம்கூடக் கிடையாது. இத்தனை வருடம் கழித்தும்! எனக்குத் தகவல் வந்தது வழக்கமான வழியில்தான்: "அண்ணே, மறுபடியும் பெர்மிஷன் இல்லங்குது."

திரும்ப டிக் வைப்பதற்கு முன், ஏற்றிய படங்கள் எல்லாம் சேரும் மீடியா லைப்ரரியில் கிடந்த படங்களைச் சும்மா இறக்கிப் பார்த்தேன். போனில் எடுத்து நேராக ஏற்றிய படங்களில் பலவற்றில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே இருந்தன. ஏற்றிய மூலக் கோப்பை வேர்ட்பிரஸ் தொடாமல் அப்படியே வைத்துக்கொள்ளும். கட்டுரையில் ஊர்ப் பெயரைக்கூட நீக்கிவிட்டு, கூட்டுக்கு வழியைப் படத்தோடு சேர்த்துக் கொடுக்க இருந்தோம். கூடு இருந்த படங்கள் இன்னும் வெளிவராத டிராஃப்டுகளில் இருந்தது அதிர்ஷ்டம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த இடத் தகவல் கழன்றுவிடும். நான் இவ்வளவு நாள் திட்டிய அந்தச் சுற்றுவழிதான் ஆந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. இதற்கு யாரைப் பாராட்டுவது என்றே தெரியவில்லை. கான்ட்ரிபியூட்டருக்குப் படத்தை மறுத்தவர்கள் இதை யோசித்து மறுத்ததாக நான் நம்பவில்லை.

மதிப்பெண் கேட்டால், மெய்ப்பு ரோல் போட்ட வாரத்தில் ஐந்துக்கு நாலரை தந்திருப்பேன். இன்றைக்கு இரண்டு. அதையும் சாருக்காகத் தருகிறேன்.

நண்பருக்கு என் பதில்: வேர்ட்பிரஸே போடுங்கள், உங்கள் ஆட்களுக்கு அது பழகியிருக்கும். எல்லோருக்கும் கான்ட்ரிபியூட்டர் கொடுங்கள், நான் வைத்த டிக்கை நீங்கள் வைக்காதீர்கள். படங்களைப் பார்த்து, இடத் தகவலை நீக்கி ஏற்றுவதற்கென்றே ஒருவரை எடிட்டராகப் போடுங்கள், அவர் உங்களைத் திட்டுவார், பரவாயில்லை. அட்மின் பாஸ்வேர்டைக் குழுவில் போடாதீர்கள். யாராவது விலகினால் அவர் கணக்கை நீக்கும் முன், கட்டுரைகளை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று கேட்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்திவிடாதீர்கள், அந்தக் கேள்வி ஒரே ஒரு தடவைதான் வரும்.