முதல் குட்டி போர்டு: பை 5, பை 4, ஜீரோ 2 டபிள்யூ, ஆரஞ்சு பை 5 – எதில் தொடங்கலாம்?

2012-இல் வெளிவந்த முதல் ராஸ்பெர்ரி பை போர்டில் (ஒரே சர்க்யூட் போர்டில் அடங்கிய குட்டிக் கணினி) இருந்த ரேம் 256 எம்பி. அதன் இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் இன்றைய 32 பிட் பதிப்பு அதிலும் ஓடும். மெதுவாகத்தான், ஆனால் ஓடும். முதல் போர்டு எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். புதிதாகக் கற்கிறவருக்கு வேகத்தைவிட, வாங்கிய போர்டைக் கைவிடாத மென்பொருள் முக்கியம்.

தலைப்பில் உள்ள நான்கில் ஆரஞ்சு பை 5 மட்டும் வேறு நிறுவனத்தின் போர்டு; மற்ற மூன்றும் ராஸ்பெர்ரி பை. விவரப்பட்டியலை மட்டும் பார்த்தால் அது மற்ற மூன்றையும் ஓரங்கட்டிவிடும். அதில் இருப்பது ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3588எஸ் சிப்: மொத்தம் 8 கோர், அவற்றில் 4 வேகமான கார்டெக்ஸ் ஏ76 வகை. பை 5-இலும் அதே ஏ76 தான், ஆனால் 4 கோர் மட்டும். சிக்கல் போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தொடங்குகிறது. எந்த ஓஎஸ் இமேஜை (மெமரி கார்டில் எழுத வேண்டிய இயங்குதளக் கோப்பு) எடுப்பது, அதில் கிராபிக்ஸ் டிரைவர் ஒழுங்காக வேலை செய்யுமா, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எந்தப் பதிப்பு என்று ஒவ்வொன்றையும் நாமே தேடிப் பிடிக்க வேண்டும். இத்தகைய போர்டுகளுக்கு லினக்ஸ் தயாரித்துத் தரும் ஆர்ம்பியன் குழு பெரிய உதவி, மறுக்கவில்லை. லினக்ஸில் கை பழகியவர் தாராளமாக ஆரஞ்சு பை வாங்கலாம். முதல் போர்டாக மட்டும் வேண்டாம்.

சரி, பை 5-ஆ, பை 4-ஆ? 2023-இல் வந்த பை 5 உண்மையிலேயே பெரிய பாய்ச்சல். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம், பவர் பட்டன், எஸ்எஸ்டி இணைக்க பிசிஐஇ வசதி எல்லாம் உண்டு. மேசைக் கணினிபோல வைத்து வேலை செய்ய வேண்டும் என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஆனால் அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். 65 வாட் லேப்டாப் சார்ஜர்கூட 5 வோல்ட்டில் பொதுவாக 3 ஆம்பியர்தான் தரும். அதில் போர்டு ஓடும்; ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சொருகினால் திணறிவிடும். அப்புறம் ஃபேன் அல்லது ஹீட்சிங்க்கும் தேவைப்படும். 2019-இல் வந்த பை 4-க்கு 3 ஆம்பியர் போதும். பை 5-இல் எடுத்துவிட்ட ஹெட்போன் ஜாக்கும் இதில் இருக்கிறது.

அடாப்டரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் போர்டை ஒரு பழைய போன் சார்ஜரிலும் மெல்லிய நீளமான கேபிளிலும்தான் ஓட்டினேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போகும். ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டேன். மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது வரும் எச்சரிக்கை அது. இரண்டு வாரத்தில் மெமரி கார்டில் இருந்த ஃபைல்கள் சிதைந்து போர்டு பூட் ஆகவே இல்லை. எழுதிவைத்திருந்த நிரல் எல்லாம் போயிற்று. போர்டில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, அடாப்டரில் மட்டும் பிடிக்காதீர்கள்.

ஜீரோ 2 டபிள்யூ அழகான போர்டு. 65-க்கு 30 மில்லிமீட்டர்தான். சென்சார் படிக்க, சின்ன சர்வராக ஒரு மூலையில் ஓடவிட இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ரேம் 512 எம்பி. பிரவுசரில் இரண்டு பக்கம் திறந்தாலே மூச்சு முட்டும். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்; ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருந்தால் நெட்வொர்க் கண்ணிலேயே படாது. ஒயர் இணைக்கும் பின்கள் பற்றவைக்காமல் வருவதால் சால்டரிங்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது போர்டாக வாங்குங்கள்.

விளக்கு எரிய வைப்பது, மோட்டார் ஓட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் இந்த நான்கும் தேவையில்லை. ராஸ்பெர்ரி பை பைக்கோ போதும். அது மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதாவது நாம் எழுதும் ஒரு நிரலை நேரடியாக ஓட்டும் சிறு சிப்; அதில் லினக்ஸ் ஓடாது.

என் தேர்வு பை 4, 2 ஜிபி. அதற்காக எழுதப்பட்ட பாடங்கள் எக்கச்சக்கம். படிக்கும்போது தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாடங்கள் பயனர் பெயர் 'பை', கடவுச்சொல் 'ராஸ்பெர்ரி' என்று சொல்லும். 2022 ஏப்ரலில் முன்கூட்டியே அமைந்து வரும் அந்தக் கணக்கையே நீக்கிவிட்டார்கள். இப்போது இமேஜர் மென்பொருளில் கார்டை எழுதும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக நுழையும் வசதி) நான்கையும் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் மானிட்டரும் கீபோர்டும் இல்லாமலே, லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைந்துவிடலாம்.