ஹெட் கேஸ்கட் போச்சா? கம்ப்ரஷன் கேஜ் சொல்வதும் லீக்-டவுன் கேஜ் சொல்வதும்

என்னிடம் இருப்பது 1984 அம்பாசடர், மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்.ஜி.ஏ.விலும் ஓடிய அதே பி.எம்.சி. பி-சீரிஸ் இன்ஜின். நான்கு வருட இடைவெளியில் இரண்டு முறை ஒரே தொல்லை கொடுத்தது. பாலத்தில் ஏறும்போது இழுவை இல்லை, ஐட்லிங்கில் ஒரு படபடப்பு, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. இரண்டு முறையும் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியது: ஒன்றாவது சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு 125 பவுண்டு, இரண்டில் 85, மூன்றில் 80, நான்கில் 120. முதல் முறை ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு, நன்றாக இருந்தது. இரண்டாம் முறை அதுதான் போயிருந்தது.

முதல் முறை பார்த்த பட்டறையைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கினால் நடுவில் கேஸ்கட் விட்டிருக்கிறது என்பது புத்தகத்திலேயே உள்ள பாடம். ஹெட்டைத் தூக்கினார்கள், அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் (திருகுக் கம்பி) ஒன்று முறிந்தது, கழற்றும்போது கிழிந்த பழைய கேஸ்கட்டை என்னிடம் காட்டி 'பாருங்க சார்' என்றார் மெக்கானிக். முப்பது வருட கேஸ்கட்டை எந்த இன்ஜினிலிருந்து கழற்றினாலும் அப்படித்தான் இருக்கும். புதுசு போட்டு ஓட்டினால் அதே படபடப்பு. மறுபடி திறந்தபோதுதான் இரண்டு, மூன்றாவது சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் கருகிக் கிடந்தது தெரிந்தது.

இந்த ஆண்டு மறுபடி அதே தொல்லை வந்ததும் ஹெட்டில் கைவைக்கும் முன் இருக்கிற சோதனைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பக்கச் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் லீக்-டவுன் கேஜ் கட்சி, அதாவது சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் கேஜ்.

கண்ணால் பார்க்கிற அடையாளங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் தயிர் மாதிரி படிவது, ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம். இதில் தயிரை மட்டும் நம்ப வேண்டாம். வாரம் ஒருமுறை கோயில் வரை போய்வரும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் தங்கியே அது வந்துவிடும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது நீல மருந்து. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, இன்ஜின் ஓடும்போது மேலே சேரும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகும். ரேடியேட்டரில் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள மறக்கக் கூடாது, உள்ளே ஏறிவிட்டால் திரவம் வீண். நண்பரிடம் இரவல் வாங்கிச் செய்தேன். பத்து நிமிடம் உறிஞ்சியும் நீலம் நீலமாகவே இருந்தது.

ரேடியேட்டர் பிரஷர் பம்ப்பும் அதே பதிலைத்தான் தந்தது. மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு, என் வண்டியில் 7 பவுண்டு, அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் முள் அசையவில்லை.

இரண்டு சோதனையும் சுத்தம் என்றன, கேஸ்கட்டோ போயிருந்தது. காரணம் எளிது. இரண்டும் தண்ணீரோடு சம்பந்தப்பட்ட ஓட்டையை மட்டும்தான் பார்க்கும். சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விட்டிருந்தால் அங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை. அதற்காக அவற்றைத் தள்ளிவிடவும் முடியாது. நண்பரின் பத்மினி காரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் மிஸ் ஆனது. ராத்திரி முழுக்க பிரஷரில் வைத்து, காலையில் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றினோம், ஒரு ஓட்டையிலிருந்து பீச்சாங்குழல் மாதிரி தண்ணீர் அடித்தது. தண்ணீர் குறைகிற வண்டி என்றால் நானும் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

கம்ப்ரஷன் கேஜ் விலை குறைவு, கால் மணி நேர வேலை. இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஐந்தாறு சுற்று. எந்த சிலிண்டரில் சிக்கல் என்று சொல்லிவிடும், காற்று எந்த வழியாகப் போகிறது என்று சொல்லாது. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பதும் உண்டு. எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. அந்த 'வால்வோ கேஸ்கட்டோ'தான் எனக்கு ஒரு ஸ்டட்டையும் இரண்டு மாதத்தையும் தின்றது.

இந்த இன்ஜினில் அந்தக் குழப்பம் தற்செயலாக வருவதில்லை. ஹெட்டில் எக்ஸாஸ்ட் வழி மூன்றுதான்: ஒன்றுக்குத் தனி, நான்குக்குத் தனி, இரண்டும் மூன்றும் நடுவில் ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்த இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சூடெல்லாம் அந்த நடுப்பகுதியில் சேரும். கருகினால் முதலில் கருகுவது அந்த வால்வுகள். கேஸ்கட் விட்டாலும் பெரும்பாலும் அதே இரண்டு சிலிண்டருக்கு நடுவில்தான் விடும். நோய் இரண்டு, கேஜில் காட்டும் எண் ஒன்று.

லீக்-டவுன் கேஜ் இதைத் திருப்பிப் போட்டுச் செய்கிறது. பிஸ்டனை கம்ப்ரஷனின் உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிளக் ஓட்டை வழியாக வெளியிலிருந்து காற்றைச் செலுத்த வேண்டும். ஒரு மீட்டரில் 100 பவுண்டு வைத்தால் மற்றொன்றில் 90 நின்றால் 10 சதவீதம் கசிவு. பழைய இன்ஜினில் 20 வரைக்கும் நான் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் சதவீதத்தைவிடக் காதுக்குத்தான் இங்கே வேலை. கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட் அல்லது விரிசல், பக்கத்து பிளக் ஓட்டையில் ஊதினால் நடுக் கேஸ்கட்.

கேஜுக்கு 3,000 ரூபாய்ச் சொச்சம் ஆனது. கம்ப்ரஸர் வாங்கவில்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போதே பங்ச்சர் கடை வாசலில் நிறுத்திக்கொண்டேன். பையன் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து, "எந்த டயர்ண்ணே?" என்றான்.

இரண்டாவது சிலிண்டர் உச்சியில் இருக்கிறதா என்று பார்க்க மூன்றாவதின் ராக்கரை, அதாவது வால்வுகளை அமுக்கித் திறக்கும் கைகளை, பார்த்தால் போதும். அங்கே ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்கும் நொடியில் இரண்டாவது கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும். டாப் கியர், ஹேண்ட்பிரேக். ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் சுற்றியிருந்தால் காற்று விடும் முன் அதைக் கட்டாயம் உருவிவிட வேண்டும். 73 மி.மீ. பிஸ்டன் மேல் 100 பவுண்டு காற்று என்றால் ஏறக்குறைய 300 கிலோ அழுத்தம். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகி நின்றால் இன்ஜின் தானாகச் சுழலும், ஹேண்டில் கையை ஒடித்துவிடும்.

காற்று விட்டேன். 45 சதவீதம் கசிவு. மூன்றாவது பிளக் ஓட்டையில் உஸ்ஸென்று ஊதியது. கேஸ்கட்தான் என்று எழுந்தபோது, சைலன்சர் பக்கம் குனிந்திருந்த பையன், "இங்கயும் வருதுண்ணே" என்றான். திரும்பவும் பழைய குழப்பம். யோசித்தால் புரிகிறது. இரண்டு உச்சியில் இருக்கும்போது மூன்றின் வால்வுகள் இரண்டும் லேசாகத் திறந்திருக்கின்றன. கேஸ்கட் வழியாக மூன்றுக்குள் போன காற்று அங்கிருந்து சைலன்சருக்குப் போகலாம். அல்லது இரண்டின் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகப் பொது வழிக்குப் போன காற்று மூன்றுக்குள் நுழைந்து பிளக் ஓட்டையில் வரலாம்.

மூன்றின் வால்வுகளை மூடினால் விடை தெரிந்துவிடும். அதற்காக ராக்கரைக் கழற்றக் கூடாது. அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு ஹெட் நட்டுகளும்கூட. தளர்த்தினால் சோதிக்க வந்த கேஸ்கட்டை நாமே கெடுத்தமாதிரி. மூன்றாவது சிலிண்டரின் இரண்டு டாப்பெட் திருகுகளை (வால்வு இடைவெளியை வைக்கும் திருகுகள்) மட்டும் லாக் நட்டைத் தளர்த்தி நன்றாகப் பின்னுக்குத் திருப்பினேன். வால்வுகள் உட்கார்ந்துகொண்டன. மறுபடி காற்று. சைலன்சர் அடங்கிவிட்டது, பிளக் ஓட்டை மட்டும் முன்னைப் போலவே ஊதியது. வால்வு கோளாறாக இருந்திருந்தால் சைலன்சர் சீறி, பிளக் ஓட்டை அடங்கியிருக்கும். இந்த ஐந்து நிமிட வேலையைக் கம்ப்ரஷன் கேஜால் எப்படியும் செய்ய முடியாது, நான் இந்தக் கட்சியில் சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

குறைகளும் இருக்கின்றன. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட்டா, ஹெட்டில் விரிசலா என்று இதுவும் பிரித்துச் சொல்லாது, ஹெட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். எரியும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் 100 பவுண்டைவிடப் பல மடங்கு, அதனால் ஓட்டத்தில் மட்டும் விடும் மெல்லிய கசிவு நின்ற வண்டியில் தப்பிவிடலாம். அங்கே நீல மருந்துதான் மேல். டீசல் அம்பாசடரில் நான் எதுவும் செய்து பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஹெட்டைத் தூக்கினோம். கேஸ்கட்டில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே விரல் நகம் அகலத்தில் செம்பு கருகி, கறுப்புக் கோடு ஒன்று குறுக்கே போயிருந்தது. லேத்தில் ஹெட்டின் அடிப்பக்கத்தை மட்டமாக ஃபேஸ் அடித்து, புதுசு போட்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கி டாப்பெட் வைத்தேன். அப்புறம் அதே பங்ச்சர் கடை. இரண்டில் 12 சதவீதம், மூன்றில் 9. நான்கில் 18, சீறல் ஆயில் மூடிப் பக்கம். அது ரிங். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.