செவ்வாய்ப்பேட்டையில் பழைய பென்னி வாங்க ஒரு கடை

வெள்ளியை எடை போட்டு விற்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், எடையைப் பார்க்காமல் விலை சொல்லும் கடை ஒன்று இருக்கிறது. கொலுசுப் பட்டறைகள் நெருக்கியடிக்கும் சந்தில், மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை. பெயர்ப்பலகை கிடையாது. பழைய காசுக்காரர் என்று கேட்டால் எந்தப் பட்டறையிலும் வழி காட்டுவார்கள். நான் போவது பிரிட்டிஷ் பென்னிகளுக்காக மட்டும். அவரிடமுள்ள சோழர் காசுகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பென்னி நம் ஊரில் புழங்கிய காசு அல்ல. இங்கே ஓடியவை அணாவும் பைசாவும். ஆனால் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட்ட பிறகு ஏற்காட்டுக்குத் துரைமார் வந்து தங்கினார்கள். பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது மேசை இழுப்பறைகளில் கிடைப்பவை தன்னிடம் வருகின்றன என்கிறார் கடைக்காரர். கதை உண்மையோ இல்லையோ, கதைக்கென்று அவர் தனியாகப் பணம் கேட்பதில்லை.

அவரிடம் எனக்குப் பிடித்தது, வயதை வைத்து விலை சொல்லாததுதான். விக்டோரியா ராணியின் கொண்டைத் தலையோடு 1862-இல் அடித்த பென்னி ஒன்று, முகமே தெரியாமல் தேய்ந்தது, அறுபது ரூபாய். 1951-ஆம் ஆண்டுப் பென்னிக்கு நாலாயிரம் கேட்டார். அந்த ஆண்டு அடித்தவையே 1,20,000தான். அவையும் பெர்முடாவுக்குப் போனவை. 1967 என்று பொறித்த பென்னிகளை நாற்பது ரூபாய்க்குத் தட்டு நிறையக் கொட்டி வைத்திருக்கிறார். 1970 வரைக்கும் அதே ஆண்டைப் போட்டு அறுபது கோடிக்கு மேல் அடித்துத் தள்ளிய காசு அது. "பேரனுக்கு வாங்கிக் கொடுங்கள் அம்மா, முதலீடு என்று வாங்காதீர்கள்" என்று அவரே சொல்லிவிடுகிறார்.

1919-ஆம் ஆண்டுப் பென்னிகள் இரண்டை அவர் எடுத்து வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டிலும் ஆண்டுக்கு இடப்பக்கம் சின்னதாக 'எச்' எழுத்து. லண்டன் நாணயச்சாலையால் சமாளிக்க முடியாமல் பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடித்ததற்கு அடையாளம். ஒன்று 250 ரூபாய், மற்றது 3,000. லென்ஸைக் கையில் கொடுத்துவிட்டு அவர் பேசாமல் இருந்தார். மலிவான காசில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் காதும் தலைமுடியும் ஒரே மேடாகத் தேய்ந்திருந்தன. மற்றதில் தாடிமயிர் வரை பிரிந்து நின்றது. இந்த ஆண்டுக் காசு தேய்ந்த நிலையில் எப்படியும் அகப்படும். தேயாமல் கிடைப்பதுதான் அரிது. ஆக, அபூர்வம் என்பதை ஆண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் அவர் சொன்னார்: இந்த மன்னர் காலத்துப் பென்னிகளில் பின்பக்கத்துப் பெண் உருவமான பிரிட்டானியா மழுங்கியிருந்தால் உடனே தேய்மானம் என்று ஒதுக்கக் கூடாது. மன்னரின் தலை ஆழமாகப் பதிந்ததால் மறுபக்கம் அச்சே சரியாக ஏறாமல் வெளிவந்த காசுகள் உண்டு. இதைச் சொல்லித்தரும் வியாபாரியிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. 3,000 ரூபாய்க் காசையே வாங்கினேன்.

குறையும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் தகதகவென்று மின்னிய 1945 பென்னிக்கு 350 ரூபாய்ச் சீட்டு ஒட்டியிருந்தார். போர்க்காலத்தில் புதுக்காசை மக்கள் பதுக்கிவிடக் கூடாது என்று நாணயச்சாலையே ஹைப்போ என்ற ரசாயனக் கரைசலில் கறுக்கவைத்து அனுப்பிய காசு அது. இப்படிப் பளிச்சென்று இருக்கிறதென்றால் யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நான் மெருகுப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களைச் சாய்த்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவேன். கொலுசுக்குக் கூலி வாங்கித் தரும் அதே மெருகு காசைக் கெடுத்துவிடுகிறது. போன மேற்பரப்பு திரும்பி வராது. கேட்டபோது, "வருகிறவர்கள் மின்னுவதைத்தான் கேட்கிறார்கள் அம்மா" என்றார். பதிலா இது? சீட்டில் 'தேய்த்தது' என்று ஒரு வார்த்தை எழுதலாமே.

காசுகளைப் போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் எனக்கு உடன்பாடில்லை. பிவிசி உறைகள் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துச் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அட்டை உறைக்கு மாற்றிவிடுங்கள்.

பெட்டியில் ஒரு 1933 பென்னியும் உண்டு. பதறாதீர்கள், நகல் என்று எழுதியே நூறு ரூபாய்க்கு விற்கிறார். உண்மையானவை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான் இருந்த நேரத்தில் ஓர் இளைஞர் வைஷ்ணோதேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசோடு லட்சங்களை எதிர்பார்த்து வந்தார். கடைக்காரர் சிரிக்காமல், தன்னிடமிருந்த அதே காசுகளைக் கைநிறைய அள்ளிக் காட்டினார். பழைய நாணயங்களை வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021-இல் எச்சரித்ததையும் எடுத்துச் சொன்னார்.

போவதானால் காலையில் போங்கள். கீறல்களைப் பார்க்க ஜன்னல் வெளிச்சம் வேண்டும். அவருடைய டியூப்லைட்டின் கீழ் எல்லாக் காசும் நல்ல காசாகவே தெரியும். படிகள் செங்குத்தானவை. கீழிருந்து குரல் கொடுத்தால் தட்டை அவரே இறக்கிக்கொண்டு வருவார்.