ஐந்து நாள் ஆசிரியர் பயிற்சி: நான்காம் நாளுக்காகப் போகலாம்

19 வருடமாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். "இதெல்லாம் எங்க மிஸ் உதவும்?" என்று யாராவது கேட்காத வருடம் கிடையாது. "பரீட்சைக்கு உதவும்" என்று நானும் சமாளித்தே ஓட்டிவிட்டேன். அதனால், பாடத்தை வாழ்க்கையோடு இணைப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி என்றதும், விடுமுறை போகிறதே என்ற எரிச்சலையும் மீறிப் பெயர் கொடுத்தேன். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். இதே பாணியில் பலர் நடத்துகிறார்கள்.

முதல் நாள் முழுக்க ஸ்லைடுகள். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் பள்ளி தொடங்கினார், இன்னொரு கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-ல், பிள்ளைகள் ஒரு வேலையைத் தாங்களே செய்து கற்கும் செயல்திட்ட முறை பற்றி எழுதினார் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. டூயியின் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் தைத்தும் மரவேலை செய்தும் படித்தார்கள் என்று உருக்கமாகச் சொன்னவர், மாலை ஐந்து மணி வரை எங்களை நாற்காலியை விட்டு எழவிடவில்லை.

இரண்டாம் நாள் 'நிஜ வாழ்க்கைக் கணக்குகள்' என்று ஒரு கட்டுத் தாள். பழைய கணக்குதான், ஆட்களின் பெயர் மட்டும் புதிது. ஏணி சுவரில் 60 டிகிரி கோணத்தில் சாய்ந்திருக்கிறது, நீளம் காண்க. எந்தப் பெயிண்டர் கோணமானியோடு ஏணி சாய்க்கிறார்? ஏணி சுவரைத் தொடும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி அதன் அடி இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பின்பற்றும் பாதுகாப்பு விதி. அதன்படி போட்டால் கோணம் 76 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. அது ஏன் நான்கில் ஒன்று, ஏன் பாதி இல்லை என்று கேட்டால்தான் கணக்குக்கு உயிர் வரும். ரொம்பச் சாய்த்தால் அடி வழுக்கும், ரொம்ப நிமிர்த்தினால் ஏறியவரோடு பின்னால் விழும். உராய்வு பற்றிப் பேச இயற்பியல் ஆசிரியரையும் கூப்பிட வேண்டியிருக்கும். இதை நான் எழுந்து சொன்னபோது, "நேரம் இல்லை மேடம், அடுத்த தாள்" என்றார்கள்.

மூன்றாம் நாள் கொஞ்சம் தேறியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கான தேசிய அளவிலான தேர்வில் வந்த கேள்வி ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1,128 பேருக்கு எத்தனை பேருந்து? 100-க்கு 70 பேர் வகுத்தலைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 பேர்தான். '31, மீதி 12' என்று எழுதியவர்கள் 29 பேர். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான், குழி வெட்ட 7.4 ஆட்கள் என்று எழுதிய தாளுக்கு முழு மதிப்பெண் போட்டது நினைவுக்கு வந்தது. என் விடைக்குறிப்பிலும் 7.4 தான்.

நான்காம் நாள்தான் இந்தப் பயிற்சியின் சரக்கு. ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக ஆசிரியர்கள் செய்துவரும் பாட ஆய்வு முறை அது. நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் தயாரிக்க வேண்டும். ஒருவர் நிஜமான பிள்ளைகளுக்கு நடத்த, மற்ற மூவரும் பிள்ளைகளையே கவனிக்க வேண்டும், நடத்துபவரை அல்ல. சீட்டுக் குலுக்கியதில் நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ போகும் எண்களின் வரிசையான கூட்டுத்தொடர்வரிசையை எடுத்துக்கொண்டோம். 12,000 கடன், 12 மாதத் தவணை, வட்டி 10 விழுக்காடு. மொத்தம் 13,200, மாதம் 1,100. விளம்பரத்தில் போடுகிற மாதிரியே பலகையில் எழுதிவிட்டு, இது நிஜமாகவே 10 விழுக்காடுதானா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பையன், "ஆறு மாசத்துல பாதிக் கடனை அடைச்சிட்டேனே மிஸ், அப்புறம் எதுக்கு முழுசுக்கும் வட்டி?" என்றான். உடனே சூத்திரத்தை எழுதக் கை பரபரத்தது, எழுதியும் விட்டேன். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளாமல், அசலில் மாதம் 1,000 கழிகிறது என்று வைத்து 12,000, 11,000 என்று 1,000 வரை வரிசையாக எழுதிக் கூட்டினார்கள். 78,000 வந்தது. சராசரியாகக் கையில் இருந்த கடன் 6,500. அதற்கு 1,200 வட்டி என்றால் 18 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வகுப்பில் எழுந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

முடிந்ததும், கவனித்தவர்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க டீச்சர். நீங்க சூத்திரம் எழுதின அந்த நாலு நிமிஷம், கடைசி பெஞ்சுல ரெண்டு பேர் பேனாவைக் கீழே வச்சிட்டாங்க." இத்தனை வருடத்தில் இப்படி ஒரு குறிப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை. மேற்பார்வைக்கு வருபவர்கள் என் பாடக்குறிப்பேட்டைத்தான் பார்ப்பார்கள்.

ஐந்தாம் நாள் சான்றிதழ், குழுப் படம், கருத்துப் படிவம். படிவத்தில் 'நன்று' முதல் 'மிக மிக நன்று' வரை தேர்ந்தெடுக்கலாம்.

பெரிய குறை, அதோடு கைகழுவிவிட்டார்கள் என்பதுதான். பயிற்சியில் கற்றது வகுப்புக்குள் வர வேண்டுமானால் பிறகும் கூடவே இருந்து வழிநடத்த ஆள் வேண்டும் என்று ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1980-களிலேயே எழுதிவிட்டார்கள். முதல் நாள் ஸ்லைடிலேயே அது இருந்தது. எங்களுக்கு மிஞ்சியது ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் தினமும் காலை வணக்கம்.

பெயர் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நிஜமான பிள்ளைகளோடு ஒரு நாளாவது உண்டா? இரண்டு மாதம் கழித்து யாராவது என் வகுப்புக்கு வருவார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த விடுமுறையைத் தூங்கிக் கழிக்கலாம். எங்களுக்கு முதலாவது மட்டும் கிடைத்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், அதில் இரண்டரை நான்காம் நாளுக்கு.

இப்போது நானும் எங்கள் இயற்பியல் ஆசிரியரும் வாரம் ஒரு பாடவேளை ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்காருகிறோம். அடுத்த வாரம் ஏணி. வழவழப்பான தரையில் ஒரு தடவை, சொரசொரப்பான தரையில் ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். யார் ஏறுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.