ஸ்டெல்லேரியம்: 2031 கிரகணத்தை எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்திப் பார்த்தேன்

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். வேலை காரணமாக அந்த வருடம் ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே தங்கிவிட்டேன். மதியம் சூரிய கிரகணம். சூரியன் மெல்லிய பிறையாக இளைத்தது, அவ்வளவுதான். அதே நேரம் ராமேஸ்வரத்திலிருந்து சித்தப்பா மகன் போனில் கத்திக்கொண்டிருந்தான்: "அக்கா, வளையல் மாதிரி இருக்கு, முழு வளையல்!" அவனுக்கு அந்த வளையம் பத்து நிமிடம் நின்றது. தேதி மட்டும் தெரிந்து என்ன பயன், எந்த ஊரில் நிற்கிறோம் என்பதல்லவா முக்கியம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளை நான் தேடிப் போனது அதனால்தான். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஊரையும் தேதியையும் கொடுத்தால் அந்த இடத்து வானம் அப்படியே திரையில் விரியும். எஃப்6 அழுத்தினால் ஊர், எஃப்5 அழுத்தினால் தேதி, நேரம். எஃப்10 அழுத்தினால் கணக்கீட்டுப் பலகை வரும். அதில் கிரகணப் பகுதிக்குப் போய், நம் ஊருக்குத் தெரியும் சூரிய கிரகணங்களை வரிசையாக எடுத்துக்கொள்ளலாம்.

வரப்போவதை நம்புவதற்கு முன், நான் கண்ணால் கண்ட நாட்களை வைத்துச் சோதித்தேன். 2019 டிசம்பர் 26 அன்று, இந்த முறை ஏமாறக் கூடாதென்று முதல் நாளே திண்டுக்கல் போய்விட்டேன். காலை ஒன்பதரையை ஒட்டி வளையம் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்று நிமிடம். மைதானத்தில் நின்ற பிள்ளைகள் போட்ட கூச்சல் இப்போதும் காதில் இருக்கிறது. ஸ்டெல்லேரியத்தில் திண்டுக்கல் என்று கொடுத்து அதே காலைக்குப் போனேன். அதே நேரம், அதே வளையம். பிறகு 2010-க்கும் சென்னைக்கும் மாற்றினேன். என் பழைய பிறை, கீற்று மாறாமல் வந்து நின்றது. அதற்கப்புறம் சந்தேகமே இல்லை.

வரப்போகும் பெரிய கிரகணங்கள் பலவும் நமக்குத் தூரம். 2026 ஆகஸ்ட் 12 முழு கிரகணம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம். அப்போது இங்கே இரவு. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் நகரில் ஆறு நிமிடத்துக்கும் மேல் சூரியன் முழுதாக மறையும். நமக்கு மாலையில் ஓரம் மட்டும் கடிபடும். 2028 ஜூலை 22 சிட்னிக்கு. லக்சரை மட்டும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். திரையிலேயே மெய் சிலிர்த்தது. காசும் உடம்பும் ஒத்துழைத்தால் போக வேண்டும்.

எனக்கு உயிரானது 2031 மே 21, புதன்கிழமை. அன்று வளையம் தெரியும் பாதை கொச்சி, தேனி, மதுரை, எங்கள் காரைக்குடி, வேதாரண்யம், யாழ்ப்பாணம் என்று போகிறது. அகலம் 150 கிலோமீட்டர் அளவுதான். காரைக்குடியில் நின்று பார்த்தால் வளையம். சென்னைக்கு மாற்றினால் பிறை. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை, கத்திரி வெயில் காலம். 2019 மார்கழி மேகத்துக்குப் பயந்த அளவு இதற்குப் பயப்பட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். ஊரை மாற்றும்போது நேர மண்டலமும் சரியாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நேரம் தப்பும். பகல் வெளிச்சம் மறைத்தால் ஆங்கில ஏ எழுத்தை அழுத்துங்கள், வளிமண்டலம் விலகிவிடும். திரையில்தான் இந்த வசதி. நிஜச் சூரியனைப் பார்க்க ஐ.எஸ்.ஓ. 12312-2 தரச் சான்று உள்ள கிரகணக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். வளைய கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதில்லை, அதனால் ஒரு நொடிகூட அதைக் கழற்றக் கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் எதுவும் ஆகாது.

1980 பிப்ரவரி கிரகணத்தன்று எங்கள் ஆத்தா கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து எங்களை உள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு எட்டு வயது. போன வாரம் மடிக்கணினியை அவர்கள் முன்னால் வைத்து 2031-ஐ ஓட்டிக் காட்டினேன். வளையம் சேர்ந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மாடிப்படி என்னால ஏற முடியாதே ஆச்சி, முத்தத்துல இருந்து தெரியுமா?" என்று கேட்டார்கள்.

சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று பார்த்தேன். உச்சியிலிருந்து கொஞ்சம்தான் மேற்கே சாய்ந்திருக்கிறது. தெரியும், ஆத்தா. முற்றத்தில் நாற்காலி போட்டால் போதும்.