ஃப்ளோரன்ஸ் போனால் இந்தச் சதுக்கத்தை விட்டுவிடாதீர்கள்

இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய டேவிட் சிலைக்கு வரிசையில் நின்று, பெரிய தேவாலயத்து முன்னால் படம் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். டேவிட் இருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் சான்டிஸ்ஸிமா அனுன்ஸியாட்டா சதுக்கம் இருக்கிறது, கட்டணமும் கிடையாது.

அங்கே ஒரு பக்கம் முழுக்க நீளும் தாழ்வாரம், கட்டடக் கலைஞர் புருனெல்லஸ்கி 1419-ல் கட்டத் தொடங்கியது, மறுமலர்ச்சிக் கட்டடக்கலையே இங்கிருந்துதான் கிளம்பியது என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்பது வளைவுகள், ஒல்லியான சாம்பல் நிறக் கல்தூண்கள். தூணின் உயரம், தூணுக்குத் தூண் இடைவெளி, தாழ்வாரத்தின் அகலம் மூன்றும் ஒரே அளவு என்பதால் உள்ளே நடக்கும்போது கண் எங்கேயும் இடறுவதில்லை. எதிர்ப்பக்கம் இருப்பது சுமார் நூறு வருஷம் கழித்து வேறு ஆட்கள் இதைப் பார்த்தே கட்டியது.

சரி, இவ்வளவு அழகும் யாருக்கு? பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளுக்கு. புருனெல்லஸ்கியின் தாழ்வாரம் உள்ள கட்டடம் அவர்களுக்கான காப்பகம், செலவை ஏற்றது பட்டு வணிகர் சங்கம். 1445 பிப்ரவரியில் வந்த முதல் குழந்தை பெண், அகத்தா என்று பெயர் வைத்தார்கள். பட்டுக்கூடு ஏலம் நடக்கிற, தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட தர்மபுரியிலிருந்து போய் இதைக் கேட்கும்போது மனசு கனத்துவிடுகிறது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஏதோ ஒரு மூலையில் ஒரு கொட்டகை போதும் என்று நினைக்காமல், ஊரிலேயே கெட்டிக்காரக் கலைஞரைக் கூப்பிட்டு நடுச் சதுக்கத்தில் கட்டியிருக்கிறார்கள், எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் அந்த ஊரில் வேறில்லை.

வளைவுகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். நீலப் பின்னணியில் துணி சுற்றிய சுடுமண் குழந்தைகள், சிற்பி ஆண்ட்ரேயா டெல்லா ரோபியா செய்தவை. ஒன்றைப் போல ஒன்று இல்லை, சில குழந்தைகளுக்குச் சுற்றிய துணி அவிழ்ந்து தொங்குகிறது. இடது கோடியில் கம்பி போட்ட சன்னல் இருக்கிறது, குழந்தையை அது வழியாகத்தான் உள்ளே விடுவார்களாம், 1875-ல் மூடிவிட்டார்கள்.

உள்ளே அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு, கட்டாயம் எடுங்கள். பாதியாக வெட்டிய பதக்கங்களைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள், பின்னால் வந்து கேட்டால் அடையாளம் காட்டத் தாய்மார்கள் விட்டுப்போனவை. இங்கே அவசரப்படாதீர்கள்.

குறை என்றால் சதுக்கத்தில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை, கோடை மதியத்தில் கல் தகிக்கும். சாயங்காலம் போங்கள், வெயில் சரியாக முகப்பில் விழும். அப்புறம் மொட்டை மாடியில், முன்பு துணி காயப்போட்ட இடத்தில் இப்போது ஒரு காபிக் கடை நடக்கிறது, விலை நமக்குக் கட்டாது, ஆனாலும் தேவாலயக் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்பதற்காகவே ஒரு காபி வாங்கலாம்.