கோல்ட் நேவியா, ஆடம்ஸா?

1851-இல் லண்டன் ஹைட் பார்க் கண்ணாடி மாளிகையில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களோடு வந்து இறங்கினார். உள்ளூர்க்காரரான ராபர்ட் ஆடம்ஸும் அங்கே தன் புதுத் துப்பாக்கியை வைத்தார். எது உசத்தி என்று பழைய ரிவால்வர் சேகரிப்பவர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

பொறியியலில் ஆடம்ஸுக்கே என் ஓட்டு. கோல்டின் ‘நேவி’ மாடலில், குண்டுகளை வைத்துச் சுழலும் சிலிண்டருக்கு மேலே பட்டை கிடையாது. குழலை உடலோடு பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன ஆப்பு. அது தேய்ந்தால் குழல் ஆடும். ஆடம்ஸில் குழலும் சட்டகமும் (துப்பாக்கியின் உடல்) ஒரே இரும்பில் அடித்தவை. ஆட வழியே இல்லை. கோல்டில் ஒவ்வொரு முறையும், வெடியைத் தட்டும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுக்க வேண்டும். ஆடம்ஸில் விசையை இழுத்தாலே போதும். ஆனால் அந்த இழுப்பு கனம், நிதானமாகக் குறி பார்க்க விடாது. பியூமாண்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1855-இல் இரண்டு முறையையும் ஒன்றாக்கிக் கொடுத்த பிறகுதான் பிரிட்டன் படை அதை எடுத்துக்கொண்டது. கோல்டுக்கு ஆறு குண்டு, ஆடம்ஸுக்கு ஐந்து. ஆனால் ஆடம்ஸின் குண்டு பெரியது.

அழகு என்று வந்தால் பேச்சு வேறு. நேவியின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போரே ஓடுகிறது: 1843 மே 16, மெக்சிகோவின் காம்பேச்சே கரையோரம், டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும். செதுக்கியவர் ஆர்ம்ஸ்பி, அமெரிக்க வங்கி நோட்டுகளுக்கு அச்சு வெட்டிய கை. உறையில் உரசி உரசிப் பெரும்பாலான துப்பாக்கிகளில் இந்தக் காட்சி மங்கிப் போயிருக்கும். பாய்மரங்கள் தெளிவாகத் தெரிகிற சிலிண்டருக்கு விலை எகிறும். ஆடம்ஸில் இப்படி ஒன்றும் இல்லை. மேற்பட்டையில் விற்ற கடையின் பெயரைப் பொறித்திருப்பார்கள், பல துப்பாக்கிகளில் அவ்வளவுதான் அலங்காரம்.

கோல்ட் வாங்குகிறவர் போலிக்குப் பயப்பட வேண்டும். 1950-களின் கடைசியிலிருந்து இத்தாலியில் நகல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முத்திரையை ராவிவிட்டுத் துருவேற்றி அசல் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. குழல், சட்டகம், விசைக்காப்பு, கைப்பிடிப் பட்டை, ஆப்பு வரை எல்லாவற்றிலும் வரிசை எண் ஒன்றுதானா என்று பாருங்கள். எட்டுப்பட்டைக் குழலின் விளிம்புகள் மழுங்கியிருக்க, மேலே இரும்பின் நீலப் பூச்சு மட்டும் பளபளத்தால் அது புதுப்பூச்சு. பழசைப் பளபளப்பாக்கிக் கெடுத்தவர்களை எனக்கு மன்னிக்க மனம் வருவதில்லை. ஆடம்ஸைப் போலி செய்கிறவர் குறைவு. அந்த நிம்மதிக்கே ஒரு விலை கொடுக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கோல்ட் 1853-இல் லண்டன் பிம்லிக்கோவில் ஆலை திறந்து, சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார். அங்கே பிறந்த நேவிகள் சுமார் 42,000. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த அவருடைய ஆலையில் செய்தவை இரண்டு லட்சத்துக்கும் மேல். லண்டன் துப்பாக்கியில் குழல்மேல் லண்டன் முகவரி, சோதனை முத்திரை, பெரும்பாலும் பித்தளைக்குப் பதில் இரும்பு விசைக்காப்பு. முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கென்று ஒன்று எடுப்பதானால் ஆடம்ஸ்.

இந்தியாவில் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் 1959 ஆயுதச் சட்டத்தைப் புரட்டுங்கள். பழையது என்பதற்காக மட்டும் உரிமம் வேண்டாம் என்று விட்டுவிட மாட்டார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும்.